வெயில் பக்கம்

மூன்று வருடம் கழித்து மைக் முன்னால் உட்கார்ந்த பெரியவர், முதல் காரியமாகச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மேஜை மேலிருந்த சிவப்பு விளக்கின் தலையில் போட்டு மூடினார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றார் இன்ஜினியரம்மா. வானொலி நிலையத்திலிருந்து வந்திருந்தவர். காதில் ஹெட்போன், கழுத்தில் இன்னொரு ஹெட்போன், வாயில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

"கண்ணைக் கட்டிட்டேன்."

"யார் கண்ணை?"

"விளக்கோட கண்ணைத்தாம்மா. சாயங்காலம் ஆச்சுன்னா இந்த வெளிச்சம் எதிர்க் கண்ணாடியில விழும். பந்து போற இடமெல்லாம் ஒரு செவப்புப் பொட்டு கூடவே ஓடும். நான் பந்தைப் பார்ப்பேனா, பொட்டைப் பார்ப்பேனா?"

"விளக்கு எரிஞ்சாதானே சார் நம்ம குரல் வெளியே போகுதான்னு தெரியும்?"

"என் தொண்டைக்குத் தெரியும்."

அதற்கு மேல் வாதாட முடியுமா? கால்பந்தை முதல்முதலாக வானொலிக்குள் கொண்டுவந்த மனிதர் அவர். இன்ஜினியரம்மா வாயில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை மறுபக்கம் மாற்றிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் நிலைய மேலாளர் பெரியவரைப் பார்த்து, "கால்ல ஆடுற ஆட்டத்தைக் காதால எப்படிய்யா பார்க்கிறது?" என்று கேட்டுச் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. மைதானத்துக்குப் பின்னால் இருந்த தையல் கடையின் தொலைபேசியிலிருந்து ஒரு வயரை இழுத்துக்கொண்டு வந்து, டெய்லரிடம் இரவல் வாங்கிய ஸ்டூலில் உட்கார்ந்து பேசினார். பாதி ஆட்டம் முழுக்கப் பின்னணியில் தையல் மெஷின் ஓடியது. எதிரணிக்காரர்கள் மோட்டார் வைத்துக்கொண்டு ஓடுகிறார்களா என்று நேயர்கள் கேட்டு எழுதினார்கள்.

காதால் பார்க்க வைப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி ரொம்பச் சின்னது. மைதானத்தின் ஒரு ஓரத்தில் கூரை போட்ட கேலரி. எதிர் ஓரத்தில் கூரை இல்லாத சிமென்ட் படிகள். கூரை இருந்தது நிழல் பக்கம், மற்றது வெயில் பக்கம். 'பந்து நிழல் பக்கம் வருது, அங்கேர்ந்து தூக்கி வெயில் பக்கம் போட்டுட்டான்' என்று அவர் சொன்னால் போதும், முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பவரும் கழுத்தைத் திருப்புவார். கத்தரிக்கோல்காரர் அவர் தலையைப் பிடித்து நேராக்குவார்.

அப்புறம் ஒரு விசித்திரம் நடந்தது. மைதானத்துக்கு வந்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களும் கையில் டிரான்சிஸ்டரோடு வந்தார்கள். கோல் விழுவதைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட அவர் வாயால் கேட்ட பிறகுதான் எழுந்து குதித்தார்கள்.

குரல் பெயரைக் கொடுத்தது. பெயர் பணத்தைக் கொடுத்தது. கலைக்கப்பட இருந்த அணியை அந்தப் பணத்தில் வாங்கினார். வாங்கிய கையோடு ஒரு இடி விழுந்தது. உரிமையாளர் தன் அணியின் ஆட்டத்தைத் தானே வர்ணிக்கக் கூடாது என்று லீக் விதி சொன்னது.

உரிமையாளருக்கென்று மெத்தை நாற்காலிகள் போட்ட தனி அறை இருந்தது. நாற்காலிகள் நிறைய. உட்காருகிற ஆள் ஒருவர். அங்கே உட்கார்ந்து மூன்று வருடமாக அவர் உதட்டுக்குள்ளேயே வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார். "கூப்பிட்டீங்களா சார்?" என்று சிப்பந்தி ஓடி வருவார். "இல்லப்பா" என்பார். கொஞ்ச நேரத்தில் சிப்பந்தி மறுபடி ஓடி வருவார். கடைசியில் சிப்பந்திக்குப் பழகிவிட்டது. கூப்பிட்டால்கூட வருவதில்லை.

இன்று வழக்கமாகப் பேசும் இளைஞனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சீசனின் கடைசி ஆட்டம். லீக் மனம் இரங்கி, இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் என்று சொன்னது. பெரியவர் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வர்ணனை அறைக்கு வந்து சேர்ந்தார்.

கண்ணாடிக்குக் கீழே, நிழல் பக்கக் கோட்டை ஒட்டி, அவர் அணியின் பெஞ்ச். பெஞ்சின் ஓரத்தில் தொப்பியை இழுத்துவிட்டபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேலிருந்து பார்த்தால் முதுகும் தொப்பியும்தான் தெரியும். அணியின் பயிற்சியாளர். பெரியவரின் கூடப் பிறந்த தம்பி. கிளப்பில் எல்லோருக்கும் அண்ணன் 'பெரியவர்' என்றால் தம்பி 'சின்னவர்'.

ஒரு காலத்தில் வெயில் பக்கத்தில் ஓடி ஓடி ஆடியவர் சின்னவர். கலைய இருந்த அணிக்குப் பயிற்சியாளராக வர ஒருவரும் சம்மதிக்காதபோது வந்து நின்றவரும் அவர்தான். பெரியவருக்கு மனைவி இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். சின்னவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வீட்டில் ஆள் இரண்டு. பேச்சோ ஒரு ஆளுக்கே பத்தாது. ஊருக்கெல்லாம் பேசியவர் வீட்டில், சாப்பாட்டு மேஜையில், உப்பு டப்பாவை நகர்த்தும் சத்தம்தான் பெரிய சத்தம்.

அந்தத் தம்பியைத்தான் பெரியவர் இன்றைக்கு வேலையை விட்டு நீக்கப் போகிறார்.

தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். அணியின் எல்லா ஆட்டங்களையும் படமாக வீட்டுக்கு வீடு காட்டுகிறோம் என்றார்கள். பெரியவர் முதன்முதலாக வயர் இழுத்த நாளிலிருந்து கண்ட கனவு அது. ஒரே ஒரு நிபந்தனை. பயிற்சியாளர் நாற்காலியில் ஜனங்களுக்குத் தெரிந்த முகம் வேண்டும். "உங்க தம்பி கேமராவைப் பார்த்தா தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கிறாரே சார்!" என்றார் அவர்களுடைய அதிகாரி.

யோசித்துச் சொல்கிறேன் என்றார் பெரியவர். யோசித்தார். தம்பியிடம் ஆட்டம் முடிந்ததும் வீட்டில், மேஜையில், தானே சொல்லிவிடலாம். வேறு யார் வாயாலும் அவன் கேட்கக் கூடாது. அந்த ஒன்றில் மட்டும் பெரியவர் உறுதியாக இருந்தார்.

முதல் பாதி முடிந்தபோது எதிரணி ஒரு கோல் முன்னே இருந்தது. பெரியவரின் குரல் மட்டும் தோற்கவில்லை. கீழே சில பேர் டிரான்சிஸ்டரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். மூன்று வருடமாக உள்ளே கிடந்த காற்றெல்லாம் வெளியே போனது மாதிரி இருந்தது அவருக்கு.

இன்ஜினியரம்மா எழுந்தார். "சார், தொண்டைக்குச் சுடுதண்ணி கொண்டு வர்றேன். ஒரு விஷயம். இப்பல்லாம் இடைவேளைக்குப் பாட்டுப் போடறதில்ல. மைதானத்து இரைச்சலையே விட்டு, அது மேல விளம்பரம் படிப்பாங்க. மைக் திறந்தே..."

"எனக்கே பாடமா? நீ போயிட்டு வாம்மா."

அவர் போனார். கதவு சாத்திக்கொண்டது. அடுத்த நிமிடம் மேஜை மேலிருந்த தொலைபேசி மணி அடித்தது.

தொலைக்காட்சி அதிகாரி. "சார், இன்னிக்குச் செய்தியிலேயே சொல்லிடலாம்னு பார்க்கிறோம். முடிவு என்னாச்சு?"

பெரியவர் ஒரு கணம் கண்ணாடி வழியே அந்தத் தொப்பியைப் பார்த்தார். பார்வையை நகர்த்திக்கொண்டார்.

"முடிவு பண்ணியாச்சு. உங்க ஆளையே போட்டுக்கலாம். தம்பிக்கு இந்த சீசனோட சரி."

"அட! கூடப் பிறந்தவராச்சே, எப்படி சார் மனசு வந்தது?" என்று கேட்டுவிட்டு அதிகாரி ஒரு சிரிப்புச் சிரித்தார். வழவழவென்ற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு ஏற்ற மாதிரி ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று பெரியவருக்குத் தோன்றியது. எந்த நேரத்துக்கு எந்தச் சொல் என்று தேடவே வேண்டியிராத நாக்கு அது. அதுவாகவே எடுத்துக் கொடுத்தது.

"ஐயோ, நீங்க வேற! அவனுக்கு வேற எங்கே வேலை கிடைக்கும்? வீட்ல சும்மா உக்காந்திருக்க வேணாமேன்னு பெஞ்சுல உக்கார வச்சிருந்தேன். தர்மக் காரியம்னு வச்சுக்குங்களேன்."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பெரியவரும் சேர்ந்து சிரித்தார். ரிசீவரை வைத்தார்.

நிமிர்ந்து பார்த்தவருக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது.

எதிரே வெயில் பக்கப் படிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலை உரிப்பவர்கள் இல்லை, கை கொட்டுபவர்கள் இல்லை. ஒரு படி மிச்சமில்லாமல் எல்லா முகமும் இந்தக் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

மூன்று வருடம் கழித்து வந்தவனுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்தார் பெரியவர். எழுந்து நின்று கையை உயர்த்தி ஆட்டினார்.

ஒருவர்கூடத் திரும்ப ஆட்டவில்லை.

பிறகு, வயலில் காற்று போவது மாதிரி, அந்த முகங்கள் மெதுவாக வேறு பக்கம் திரும்பின. கீழே. பெஞ்சைப் பார்த்து.

கதவு படாரென்று திறந்தது. இன்ஜினியரம்மா பாய்ந்து வந்து சுவிட்சைத் தட்டினார். கையிலிருந்த சுடுதண்ணீர் பாதி மேஜையிலும் பாதி அவர் புடவையிலும் கொட்டியது.

"சார்..."

பெரியவர் கையை நீட்டிக் கைக்குட்டையை எடுத்தார். அப்போதுதான் அணைந்த விளக்கின் கண்ணாடி விரலில் சுட்டது.

"எதுவரைக்கும் போச்சு?"

"எல்லாம் சார். டீக்கடை ரேடியோவுலதான் கேட்டேன். சிரிப்புச் சத்தம் வரைக்கும் போயிடுச்சு."

பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வானொலியில் கேட்டவர்கள் எல்லோரும் கேட்டாகிவிட்டது. மைதானத்தில் இருந்தவர்களும் கேட்டாகிவிட்டது. கேட்காமல் இருப்பது ஒரே ஒரு ஆள். இடைவேளையில் ஆட்டக்காரர்கள் அறைக்குப் போயிருக்க, தம்பி மட்டும் வழக்கம்போலப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். பெஞ்சில் ரேடியோ கிடையாது. யாராவது ஒருவர் கம்பிவேலிப் பக்கம் போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

அதற்குள் தான் போய்விட வேண்டும்.

"நீ பேசும்மா. நான் கீழே போறேன்."

"நானா?" இன்ஜினியரம்மாவின் குரல் கீச்சென்று போனது. "சார், நான் வயர் சொருகறவ! ஆஃப்சைடுன்னா என்னன்னுகூட எனக்குத் தெரியாது!"

"பந்து எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லு. நிழல் பக்கம், வெயில் பக்கம். அவ்வளவுதான் இந்தத் தொழில்."

நாற்காலி சுழன்றுகொண்டிருந்தது. பெரியவர் அதில் இல்லை.

படிக்கட்டு முழுக்க ஆட்கள். வழக்கமாக அவரைப் பார்த்தால் ஒதுங்கி, கும்பிட்டு, வழி விடுவார்கள். இன்றும் வழி விட்டார்கள். கும்பிடத்தான் ஆளில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு டிரான்சிஸ்டர். ஒவ்வொன்றிலும் இன்ஜினியரம்மா நடுங்கிக்கொண்டிருந்தார்: 'வணக்கம்... ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சு... பந்து இருக்கு... அதோ இருக்கு... நீலச் சட்டை... இல்ல, அது ரெஃப்ரி...'

"என்ன பெரியவரே, எறங்கி வந்துட்டீங்க? தர்மம் பண்ணக் கீழே யாராவது பாக்கி இருக்காங்களா?" என்றார் ஒருவர், வாய் நிறையப் பாக்கோடு.

"விடுய்யா, அவரு மொகத்தைப் பாரு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"மொகத்தை எங்கேய்யா பாக்கிறது? நமக்குத் தெரிஞ்சதெல்லாம் அவரு குரல்தான்!"

பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கினார்.

மைதானத்துக்குள் போகும் கதவில் காவலாளி கையை நீட்டினார். "பாஸ்?"

"நான்தான்யா ஓனர்."

"தெரியும் சார். அதுக்காக? நீங்க போட்ட ரூல்தானே, பாஸ் இல்லாம ஓனரையே விடாதேன்னு? நானும் சின்னவரு போட்ட ஆளு சார். அவரு ஏதோ தர்மத்துல போட்டாரு." ஒரு கணம் வெறித்துப் பார்த்துவிட்டு அவரே கதவைத் தள்ளித் திறந்தார். "போங்க. சீக்கிரம் போங்க."

பெஞ்சில் மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரைக் கண்டதும் மொத்தமாக எழுந்து, உடம்பைச் சூடாக்குகிற சாக்கில் தூரமாக ஓடிப் போனார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர்களுக்கும் எட்டிவிட்டது.

தம்பி திரும்பவில்லை. மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "டேய்... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வேற யாராவது வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே..."

"அந்தம்மா பந்தைத் தொலைச்சிட்டாங்க" என்றார் சின்னவர்.

"என்ன?"

"பந்து எங்கே இருக்குன்னு அவங்களுக்கே தெரியல."

அப்போதுதான் பெரியவர் பார்த்தார். தொப்பிக்குக் கீழே, காதிலிருந்து ஒரு மெல்லிய வயர். சட்டைக் காலருக்குள் நுழைந்து, மேல்பையில் இருந்த ஒரு குட்டி ரேடியோவில் முடிந்தது. மேலிருந்து பார்க்கிறவருக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது.

"எப்போலேர்ந்து இது?"

"கண்ணு போனதுலேர்ந்து." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார் சின்னவர். "முழுசாப் போகல. கிட்டத்துல தெரியும். வெயில் பக்கம்தான் ஒண்ணும் தெரியாது, வெறும் வெள்ளையா இருக்கும். நீ மைக்ல இருந்திருந்தாக் கவலையே இல்ல. உன் இடத்துக்கு வந்த பையன் கவிதை நிறையச் சொல்வான், பந்தைச் சொல்ல மாட்டான். சமாளிச்சேன். இன்னிக்கு நீ வந்தேன்னதும், அப்பாடான்னு இருந்துச்சு."

ஊரிலேயே முதலில் கேட்டது இந்தக் காதுதான்.

"அப்போ நீ..."

"கேட்டேன். சிரிச்சதையும் கேட்டேன்."

எதிரே யாரோ பந்தை உயரமாக உதைத்தார்கள். கூட்டம் 'ஓ' என்றது. சின்னவர் முகத்தைக் கொஞ்சம் உயர்த்தி, சத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனித்தார்.

"எடுத்துட்டது சரிதான் அண்ணே. கண்ணு தெரியாதவன் எத்தனை நாள் ஓட்ட முடியும்? நானே சொல்லணும்னு இருந்தேன், வாய் வரல. ஆனா அந்த ஆள் சிரிக்கறதுக்காக என்னை எடுத்துக் குடுத்தே பாரு."

"இப்பவே போன் போட்டு வேணாம்னு சொல்லிடறேன். டிவியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீயே இரு."

சின்னவர் முதல்முறையாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். சரியாக முகத்தில் படாமல், கொஞ்சம் ஓரமாகப் பட்டது அந்தப் பார்வை.

"அது இன்னொரு தர்மம்" என்றார்.

பெரியவர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"மேலே போ. பசங்க ஒரு வருஷமா இந்த ஆட்டத்துக்காக உழைச்சிருக்காங்க. எனக்கு வெயில் பக்கம் வேணும். போய்ச் சொல்லு."

மறுபடியும் அதே படிக்கட்டு. இந்தத் தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை. பெரியவர் உள்ளே நுழைந்தபோது இன்ஜினியரம்மா கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து, "பந்து... வெளியே போயிடுச்சுன்னு நினைக்கிறேன், எல்லாரும் கையைத் தூக்கறாங்க..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் கும்பிடாத குறையாக எழுந்துகொண்டார்.

பெரியவர் உட்கார்ந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடவில்லை. கண்ணாடியில் சிவப்புப் பொட்டு ஓடினால் ஓடட்டும்.

"பந்து வெயில் பக்கம்" என்றார்.

கீழே தொப்பி லேசாக அசைந்தது.

அன்றைக்கு அவர் பேசியது வேறு மாதிரி இருந்ததாக அப்புறம் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அலங்காரம் இல்லை, கர்ஜனை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்கிற குரல். நிழல் பக்கம் நடப்பதை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். வெயில் பக்கம் பந்து போய்விட்டால் போதும். யார் நிற்கிறார்கள், எவ்வளவு இடைவெளி, யார் கால் பலம், யார் மூச்சு வாங்குகிறார்கள் என்று ஒன்றையும் விடமாட்டார்.

"வெயில் பக்கம் அவங்க தடுப்பாட்டக்காரர் தொடையைப் பிடிக்கிறார். பந்து தூரமாப் போனாக் குனியறார். கிட்ட வந்தா நிமிர்ந்துக்கிறார். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பார்க்கிறார். ஆனா வலது காலை ஊனல. ஊனவே இல்ல."

தொப்பி எழுந்தது. சின்னவர் கோட்டோரம் வந்து, மாற்று ஆட்டக்காரர்களில் ரொம்ப வேகமாக ஓடுகிறவனை அழைத்து, தோளைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்.

பெரியவருக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டு, இத்தனை நேராக அவனோடு பேசியதில்லை. சொல்கிறார், கீழே ஒரு கை உயர்கிறது. சொல்கிறார், கீழே ஒரு தலை திரும்புகிறது. வானொலி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒட்டுக்கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

வேகக்காரன் வெயில் பக்கமாகவே ஓடி, தொடையைப் பிடித்தவரைத் தாண்டிப் பந்தை உள்ளே போட்டான். முதல் கோல். மறுபடி அதே வழியில் ஓடினான். இந்தத் தடவை கோல் கீப்பர் கையில் பட்டுத் தெறித்ததை இன்னொருவன் தலையால் முட்டினான். இரண்டாவது கோல். கூட்டம் எழுந்து நின்றது, உட்காரவே இல்லை.

விளையாட்டு நடக்கும்போது பெரியவர் வேறு எதையும் பேசவில்லை. தம்பிக்குப் பந்து வேண்டும். விசில் ஊதிய பிறகு மற்றது. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கே சொன்னாரோ அங்கேயே, எல்லோரும் கேட்கிற மாதிரி, அவன் காதுக்குள் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

ரெஃப்ரி கடைசி விசிலை ஊதினார். பெரியவர் மூச்சை இழுத்தார்.

"நேயர்களே, இடைவேளையில நான் ஒண்ணு சொன்னேன். அது..."

கீழே சின்னவர் காதுக்குக் கையைக் கொண்டுபோனார். வயரைப் பிடித்து இழுத்தார். காதிலிருந்து கழற்றி, ரேடியோவோடு சேர்த்துச் சுற்றி, பெஞ்சின் மேல் வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மூலையில் இருந்த வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"...அது பொய்" என்றார் பெரியவர். நிறுத்த முடியவில்லை. "போன்ல ஒருத்தர் சிரிச்சார். அவரோட சேர்ந்து சிரிக்கிறதுக்காகச் சொன்னேன். இந்த டீமை நான் வாங்கினேன், அவ்வளவுதான். யாரும் வராதப்போ வந்து நின்னவன் அவன். தர்மம் யாராவது பண்ணியிருந்தா, அது அவன் எனக்குப் பண்ணினது."

கூட்டத்தின் இரைச்சல் அடங்கியது. டிரான்சிஸ்டர்களைச் சுற்றித் தலைகள் குவிந்தன. மறுபடியும் முகங்கள் கண்ணாடியைப் பார்த்தன. பிறகு நடந்து போகிற அந்த ஒற்றை ஆளைப் பார்த்தன.

வாசலுக்குப் பக்கத்தில் கம்பிவேலியை ஒட்டி நின்ற ஒருவர், அவசரமாகத் தன் டிரான்சிஸ்டரை வேலிக்கு மேலே நீட்டினார். 'சின்னவரே, கேளுங்க, கேளுங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். மேலே கேட்கவில்லை.

சின்னவர் நின்றார். இரண்டு கையாலும் அந்த ரேடியோவை வாங்கிக்கொண்டார்.

பெரியவர் மைக்கைக் கையில் இழுத்துக்கொண்டார். கண்ணாடியில் நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். "தம்பி, கேக்குதா? இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு..."

சின்னவர் அதன் குமிழைத் தடவிக் கண்டுபிடித்து, திருகி அணைத்தார். ரேடியோவை வேலிக்கு மேலாக உரியவரிடமே கொடுத்தார். அந்த ஆளின் கையைப் பிடித்து ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். பிறகு வாசலுக்குள் போனார்.

பெரியவர் மைக் முன்னால் வாயைத் திறந்தபடி இருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இன்ஜினியரம்மா ஹெட்போனை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார். "சார்... ஸ்டேஷன்ல கேக்கறாங்க. முடிச்சுக்கலாமான்னு."

"ஸ்கோர் சொல்லலையேம்மா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கீழே ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பெஞ்ச் காலியாக இருந்தது. நிழல் நீண்டு எதிர்ப் படிகள் வரைக்கும் போயிருந்தது.

"இப்பத்தான் ரேடியோவைத் திறந்தவங்களுக்காக" என்று ஆரம்பித்தார் பெரியவர். "நாம ரெண்டு, அவங்க ஒண்ணு."